மூன்று ஏக்கர்த் தோப்பில் ஓராண்டு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவி

காடு என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன முதுமலையும் ஆனைமலையும் களக்காடுமே. அங்கே யானை உண்டா, புலி உண்டா என்று கேட்கிறோம். இல்லை என்று விடை வந்தால் ஆர்வம் குன்றிவிடுகிறது. ஆனால் நம் மாவட்டத்துப் பறவைகளிலும் பூச்சிகளிலும் பெரும்பகுதி காட்டிலாகா எல்லைக்குள் வாழவில்லை. அவை பட்டா நிலங்களில், தனியார் தோப்புகளில், வேலியோரங்களில், வாய்க்கால் கரைகளில் வாழ்கின்றன. அத்தகைய தோப்பு ஒன்றைச் சென்ற ஆண்டு மாசி முதல் இவ்வாண்டு தை முடிய வாரந்தோறும் பார்த்துக் குறித்து வந்தேன். அதில் அறிந்தவற்றைக் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் தோப்பும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் இரயில் பாதையில் உள்ள எங்கள் சோழவந்தான், வைகைக் கரையில் அமைந்த பசுமையான ஊர். வடக்கே சிறுமலையும் தெற்கே நாகமலையும் தெரியும். 1895-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணை, மேற்கு நோக்கி ஓடிய நீரைச் சுரங்க வழியே கிழக்கே திருப்பி வைகையில் சேர்த்தது. அந்த நீர் வாய்க்கால்களில் பாய்வதால் நெல்லும் வாழையும் தென்னையும் வெற்றிலையும் இங்கே விளைகின்றன. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நாம் அறிவோம்.

வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு அகத்தி மரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அகத்தியை வரிசையாக வளர்த்து அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டுவார்கள். கொடிக்கு அது ஊன்றுகோல், நிழற்குடை. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணை வளமாக்குகின்றன. அதன் பூவைத் தேன்சிட்டு தேடி வருகிறது. அதன் இலையை மஞ்சள் நிறச் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு தின்கிறது. எஞ்சிய கீரை நம் வீட்டுச் சட்டிக்கு வருகிறது. ஒரு மரத்தை நம்பி இத்தனை உயிர்கள்! இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு தோப்புக்குள் நுழைவோம்.

நான் பார்த்து வந்த தோப்பு ஆற்றின் தென்கரைப் பக்கம் உள்ளது. பரப்பு சுமார் மூன்று ஏக்கர். பாதிக்கு மேல் தென்னை. இடையிடையே மா, புளி, நாவல், வேம்பு. வாய்க்கால் ஓரம் இரண்டு மருத மரங்கள், ஓர் அத்தி. நடுவே ஒரு கிழட்டு இலுப்பை. வேலியில் பூவரசும் கொடுக்காப்புளியும். என் தந்தையார் அங்கே தேங்காய் வெட்டும் தொழிலாளி, காவலும் அவரே. கையெழுத்துப் போட மட்டும் அறிந்த அவர், அங்குள்ள ஒவ்வொரு மரத்தின் வயதையும் குணத்தையும் அறிவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் கற்ற பெயர்களை நான் அவருக்குச் சொல்வேன். அந்தப் பெயருக்குரிய மரம் எந்த மாதம் என்ன செய்யும் என்பதை அவர் எனக்குச் சொல்வார்.

இவ்வாண்டு பொங்கல் கழிந்ததும் மர வியாபாரி ஒருவர் வந்தார். பயன் இல்லாத மரங்களைக் கழித்துவிடலாம் என்று தோப்புக்கார ஐயா முடிவு செய்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. கூலி ஏறிவிட்டது, தேங்காய் விலையோ நிலையாக நிற்பதில்லை, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். ஐந்து மரங்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் வைக்கப்பட்டது. பட்டுப்போன தென்னை இரண்டு, இலுப்பை ஒன்று, பொந்து விழுந்த மா ஒன்று, அத்தி ஒன்று. கூடவே, தோப்பிலுள்ள சருகை எல்லாம் கூட்டி எரித்துச் சுத்தம் செய்யவும் உத்தரவாயிற்று. என் ஓராண்டுக் குறிப்பேட்டை எடுத்து அந்த ஐந்து மரங்களின் பக்கங்களையும் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் காண்போம்.

பட்ட தென்னை

தலை இழந்து நிற்கும் தென்னையில் பறவைகளுக்குக் கொண்டாட்டம். பொன்முதுகு மரங்கொத்தி தன் உளி போன்ற அலகால் தண்டைக் குடைந்து பொந்து செய்கிறது. ஒரு முறை குஞ்சு பொரித்த பின் அப்பொந்து பெரும்பாலும் காலியாகிவிடும். உடனே புதுக் குடித்தனம் வருகிறது. பச்சைக்கிளி, மைனா, புள்ளி ஆந்தை ஆகியவற்றுக்கு மரத்தைக் குடையும் ஆற்றல் இல்லை. பிறர் குடைந்த பொந்தோ, கிளை முறிந்து இயல்பாக விழுந்த பொந்தோ கிடைத்தால்தான் அவை முட்டையிட முடியும். ஆகவே மரங்கொத்தி ஒரு தச்சன். மற்றவை வாடகை தராத குடியிருப்போர் எனலாம்.

அப்படியானால் பட்ட தென்னை நிற்கட்டும் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் என் தந்தையார் குறுக்கிட்டார். “பட்டுப்போன தென்னை வண்டுக்குத் தொட்டிலு ஆத்தா. அது நிக்கக் கூடாது” என்றார். அவர் கூறியது அறிவியல் உண்மை. காண்டாமிருக வண்டு மட்கிய தென்னந்தண்டிலும் எருக்குழியிலும் முட்டையிடுகிறது. அதன் வெண்ணிறப் புழு அங்கேயே தின்று வளர்கிறது. வளர்ந்த வண்டு நல்ல தென்னையின் குருத்தைத் துளைக்கிறது. பின்னர் விரியும் ஓலை, கத்தரியால் வெட்டிய விசிறி போலக் காட்சி தருகிறது. ஒரு பட்ட மரத்துக்கு இரக்கம் காட்டினால் பல காய்க்கும் மரங்கள் துன்பப்படும்.

எனினும் இரண்டில் ஒரு மரத்துப் பொந்தில் அப்போது கிளிக்குஞ்சுகள் இருந்தன. தையிலிருந்து பங்குனி வரை கிளிகள் குஞ்சு வளர்க்கும் காலம் என்பதை என் குறிப்பேடு காட்டியது. அந்த ஒரு மரத்தைச் சித்திரை வரை விட்டுவைப்பதென்று தந்தையார் ஐயாவிடம் பேசி இசைவு பெற்றார். மற்றது அன்றே விழுந்தது.

கிழட்டு இலுப்பை

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியை அறியாதார் இலர். இலுப்பையின் தாவரவியல் பெயர் மதுகா லாஞ்சிஃபோலியா. அதன் பூவிதழ் தடித்துச் சாறு நிறைந்து இனிக்கும். விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் பண்டு தொட்டுக் கோயில் விளக்குகளில் எரிந்து வந்தது. மின்விளக்கு வந்த பின் அந்த எண்ணெய்க்கு மதிப்புக் குறைந்தது. மரத்துக்கும் மதிப்புக் குறைந்தது.

பங்குனி, சித்திரை மாதங்களில் இரவில் அம்மரத்தடியில் நின்று பார்க்க வேண்டும். பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாக வருகின்றன. இறக்கையை விரித்தால் மூன்றடிக்கு மேல் இருக்கும் இப்பெரிய விலங்கு, பூவின் சாற்றை உண்ணும்போது முகத்து மயிரில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்குச் செல்கிறது. ஆனி, ஆடியில் பழம் பழுத்ததும் மீண்டும் வருகிறது. பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்தில் போய் அமர்ந்து சதையைத் தின்று விதையைக் கீழே போடுகிறது. தாய்மரத்தின் நிழலிலிருந்து விலகி விழுந்த அவ்விதைக்கு வெயிலும் இடமும் கிடைக்கின்றன. வாய்க்கால் கரையில் எவரும் நடாத இலுப்பைக் கன்றுகள் பன்னிரண்டை நான் எண்ணினேன்.

வௌவால் பழத்தைக் கெடுக்கிறது என்ற குறை உண்டு. மாங்காய்க் காலத்தில் அது ஓரளவு உண்மையே. ஆனால் பெண் வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனுகிறது. ஆதலால் அவை தங்கும் பெருமரங்கள் அழிந்தால் கூட்டம் மீண்டும் பெருக நெடுங்காலம் ஆகும்.

இலுப்பையில் கூகையும் இருந்தது. இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட இந்தப் பெரிய ஆந்தையைக் கண்டால் ஊரில் அபசகுனம் என்பார்கள். அதன் இருப்பிடத்துக்குக் கீழே உருண்டை உருண்டையாகச் சாம்பல் நிறக் கட்டிகள் கிடக்கும். ஆந்தை இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் இப்படி வாய்வழியே வெளியேற்றுகிறது. ஒரு கட்டியை நீரில் ஊறவைத்துப் பிரித்தேன். உள்ளே இரண்டு எலி மண்டையோடுகள். தென்னையின் கொண்டையில் கூடு கட்டி இளங்காயைத் துளைக்கும் எலியால் தோப்புக்கு எவ்வளவு நட்டம் என்பது ஐயாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த மண்டையோடுகளைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுபோய்க் காட்டினேன். “ஏம்மா, ஆந்தைக்கு வீடு கட்டிக் கொடுக்கவா நான் தோப்பு வச்சிருக்கேன்?” என்று முதலில் சிரித்தார். பிறகு மண்டையோட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இலுப்பையின் சுண்ணாம்புக் குறி அன்று மாலை அழிக்கப்பட்டது.

பொந்து விழுந்த மா

இந்த மரத்தில் புள்ளி ஆந்தை இணை ஒன்று குடியிருந்தது. கைக்குள் அடங்கும் அளவான இவ்வாந்தை வண்டு, விட்டில், சுண்டெலி முதலியவற்றைத் தின்னும். பகலிலும் பொந்து வாயில் அமர்ந்து, நம்மைக் கண்டதும் தலையை மேலும் கீழும் ஆட்டும். என் குறிப்பேட்டில் மிகுதியாக இடம்பெற்றது இதுவே.

ஆயினும் அந்த மாமரத்தின் பட்ட கிளை, மட்டை உரிக்கும் பெண்கள் அமரும் இடத்துக்கு நேர் மேலே நீண்டிருந்தது. அடிமரம் உளுத்திருந்ததால் கிளையை மட்டும் கழிப்பதும் இயலவில்லை. மனிதர் தலைமேல் விழக்கூடிய மரத்துக்காக வாதாடக் கூடாது என்றார் தந்தையார். நானும் வாதாடவில்லை. மரம் வெட்டப்பட்டது. அந்த ஆந்தை இணையை அதன்பின் நான் பார்க்கவில்லை.

அத்தி

அத்தி பூத்தாற்போல என்கிறோம். உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. அதன் பூக்கள் காய் போன்ற குடுவைக்குள் மறைந்துள்ளன. அத்திப்பழத்தைப் பிட்டால் பூச்சி என்பதும் நாம் கேட்டதே. அந்தப் பூச்சி இல்லையேல் அத்தியே இல்லை.

அது எறும்பினும் சிறிய ஒருவகைக் குளவி. பெண் குளவி அத்திக்குடுவையின் நுனியிலுள்ள சிறு துளை வழியே முண்டி உள்ளே நுழைகிறது. நுழையும்போது இறக்கைகள் ஒடிந்துவிடுகின்றன. தான் பிறந்த குடுவையிலிருந்து கொணர்ந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கிறது, சில பூக்களில் முட்டையிடுகிறது, அங்கேயே மடிகிறது. முட்டையிலிருந்து வரும் ஆண் குளவிகளுக்கு இறக்கை கிடையாது. அவை பெண் குளவிகளோடு கூடியபின் குடுவைச் சுவரில் வெளிவழி குடைந்துவிட்டு இறக்கின்றன. மகரந்தம் ஏந்திய இளம் பெண் குளவிகள் அவ்வழியே பறந்து செல்கின்றன. அதன் பிறகே குடுவை சிவந்து கனிகிறது.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே அத்தி மரத்தின் காய்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பருவமடைகின்றன. வெளிவரும் குளவியின் ஆயுளோ ஓரிரு நாள். அது முட்டையிட, அப்போதுதான் பிஞ்சு விட்டிருக்கும் வேறோர் அத்தி மரம் வேண்டும். ஆகவே எங்கள் தோப்பு அத்தி காய்ப்பதற்கு, வாய்க்கால் ஓரத்திலும் பிறர் தோப்பிலும் உள்ள அத்திகள் காரணம். அவை காய்ப்பதற்கு எங்கள் அத்தி காரணம். பட்டாவில் எல்லை உண்டு. குளவிக்கு அந்த எல்லை தெரியாது.

மா ஆண்டுக்கொரு பருவம் பழுக்கும். அத்தியோ ஆண்டில் பலமுறை பழுக்கும். வேறு பழம் இல்லாத நாளில் குயில், மைனா, குக்குறுவான், அணில், மரநாய் ஆகிய அனைத்துக்கும் அதுவே சோற்றுப்பானை. கன்னார் பட்டறையில் செம்பு தட்டுவதுபோல் டொங் டொங் என்று நாள் முழுதும் ஒலிக்கும் செம்மார்புக் குக்குறுவானை நான் அதிகமாகக் கண்டது இம்மரத்தில்தான். அத்தியின் வேர் வாய்க்கால் கரைக் கல்லைத் தள்ளுகிறது என்பது ஐயாவின் குறை. அப்பக்கத்துக் கிளைகளைக் கழித்துவிட்டு மரத்தை இந்த ஆண்டு விட்டுவைக்க இசைந்திருக்கிறார். அடுத்த ஆண்டு எப்படியோ, சொல்வதற்கில்லை.

சருகின் அடியில்

சருகு என்றால் குப்பை என்று பொருள் கொள்வது வழக்கம். ஒரு முழச் சதுரத்தில் சருகை மெல்ல விலக்கிப் பாருங்கள். மண்புழு, மரவட்டை, கறையான், பூரான், சிறு நத்தை என்று ஓர் ஊரே அங்கிருக்கும். அவை இலையை அரைத்து மண்ணாக்குகின்றன. எரித்தால் சாம்பல்தான் எஞ்சும். இலையிலிருந்த நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். தரையின் ஈரமும் காய்ந்துவிடும். மட்டையையும் சருகையும் தென்னையைச் சுற்றி மூடாக்காகப் போட்டால் கோடையில் நீர் மிச்சமாகும்.

இந்தச் சருகை நம்பி நெடுந்தொலைவிலிருந்து ஒரு விருந்தாளி வருகிறது. அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் வந்த காரணப்பெயர். பச்சை முதுகும் நீலத் தோளும் அடிவயிற்றில் சிவப்பும் கொண்ட இப்பறவை, இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்பதே அதன் பிழைப்பு. சென்ற ஐப்பசியில் மழை விட்ட ஒரு மாலையில் இலுப்பையடியில் அதன் குரலைக் கேட்டோம். “இது வந்துட்டா ஐப்பசி வந்துடுச்சுன்னு அர்த்தம்” என்றார் தந்தையார். பங்குனி வரை அது இருக்கும். தையில் சருகை எரித்தால் அதற்கு எங்கே இரை?

பாதித் தோப்பில் மூடாக்குப் போட்டோம். நெருப்பு வைப்பது இப்போதைக்கு நின்றிருக்கிறது.

எவ்வாறு பார்ப்பது?

இத்தகைய நோக்கீட்டுக்குத் தொலைநோக்கியோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. பரிணாமக் கொள்கையின் தந்தை சார்லஸ் டார்வின் 1842 முதல் இங்கிலாந்தின் டவுன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். தம் வீட்டையடுத்த சிறு மரச்சோலையைச் சுற்றி நாள்தோறும் நடந்தார். மூன்றடி நீளம், இரண்டடி அகலமுள்ள நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, அதில் தாமாக முளைத்த களைகளை எண்ணினார். 357 முளைகளில் 295 அழிந்தன. பெரும்பாலும் நத்தை இனங்களும் பூச்சிகளும் தின்றவை. 1859-இல் அவர் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் இக்கணக்கு இடம்பெற்றுள்ளது. நம் தமிழகத்து இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தம் நாட்டுப்புற நோக்கீடுகளை எழுதிவந்தார். அணிலும் காக்கையும் அவர் எழுத்தில் யானைக்கு நிகரான இடம் பெற்றன.

நான் கடைப்பிடித்த முறை எளியது. வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே பாதை. நாள், நேரம், மரம், உயிரினம், அது என்ன செய்துகொண்டிருந்தது என ஐந்து பத்திகள். பெயர் தெரியாவிட்டால் நிறம், அளவு, அலகு, குரல் ஆகியவற்றை எழுதிக்கொண்டு பிறகு ஆசிரியரிடம் கேட்பேன். கூட்டைத் தொடுவதில்லை. சாரையும் கீரியும் உடும்பும் உலவும் இடமாதலால் பார்த்துக் கால் வைப்பேன். இருட்டிய பின் தந்தையாரும் கைவிளக்கும் துணை. கிளி, ஆந்தை, உடும்பு போன்றவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவுரை

ஐந்து மரங்களில் இரண்டு விழுந்தன, ஒன்று சித்திரையில் விழும், இரண்டு நிற்கின்றன. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். எங்கள் தோப்புக்கு அடுத்த தோப்பில் மரங்கள் போய், வீட்டுமனைக்கு வெள்ளைக் கல் நட்டாகிவிட்டது. அங்கிருந்த அத்தியும் போயிற்று. நான் முன்னர்க் கூறிய குளவிக்கு ஒரு வீடு குறைந்தது.

ஆனாலும் இந்த ஓராண்டில் நான் கற்றது ஒன்று. எம்மரம் பயனற்றது என்று அறிய, எல்லாப் பருவங்களிலும் அதைப் பார்த்திருக்க வேண்டும். மாசியில் மட்டும் பார்ப்பவருக்கு இலுப்பை விறகாகத் தோன்றும். சித்திரை இரவில் பார்ப்பவருக்கு அது வேறு. எழுதி வைத்த கணக்கு இருந்தால் ஏழையின் பேச்சும் சபை ஏறும். மேலூர் அருகே அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, அங்கே ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் உள்ளன என்ற கணக்கும் உடன் வந்தது. பின்னர் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மக்கள் எழுந்து நின்றார்கள். 2025 சனவரியில் அந்த ஏலம் இரத்து செய்யப்பட்டது. காக்க வேண்டியது இன்னதென்று அம்மக்களால் பெயர் சொல்லிக் கூற முடிந்தது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் சிற்றூர்களிலிருந்து வருகிறோம். நம் பெற்றோர் வேலை செய்யும் தோப்பும் துரவும் நமக்குக் கிடைத்த ஆய்வுக்கூடங்கள். தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதினால் போதும், எவரும் கலந்துகொள்ளலாம். வரும் பொங்கலுக்கு உங்கள் ஊரில் ஒரு தோப்பைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வேலை செய்யும் முதியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் பாடநூல் விடுகிற இடத்தை அவர் நிரப்புவார்.